அறுபதைத் தாண்டாத வண்டி

சிவசைலம் அண்ணாச்சி காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் அவர் மனைவி கோமதி மதினிதான். காலையில் ஆட்சியர் அலுவலக வாசலில் மனு கொடுக்க வந்தவர்களோடு பேசிக்கொண்டு நின்றேன். கைப்பேசி அடித்தது. "தம்பி, அவுக போயிட்டாக. காப்பி கேட்டாக, கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாக" என்றார். குரல் உடையவில்லை. உடனே அடுத்ததையும் சொன்னார். "வண்டி வாசல மறிச்சிட்டு நிக்கி. ஐஸ் பெட்டி உள்ள வரணும். உங்களுக்குத்தான் அத எடுக்கத் தெரியும்."

அவரை அறிந்தவர்களுக்கு எந்த வண்டி என்று சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நாளிதழின் திருநெல்வேலி அலுவலகத்தில் நான் செய்தியாளன், அவர் புகைப்படக்காரர். வெள்ளம், தேர், தேர்தல், கல்வீச்சு என்று எல்லாவற்றுக்கும் ஒரே மோட்டார் சைக்கிளில் போய் வந்தோம். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அதன் இஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவக் கூட்டுக்குள் ஒரு முக்கோணம் சுழலும், ஆட்டுரலில் குழவி சுற்றுவதைப் போல. பாளையங்கோட்டையில் அதற்குக் 'கிரைண்டர் கார்' என்று பெயர்.

அன்று வீட்டுக்குப் போய் வண்டியைத் தெருவோரம் நகர்த்தி நிறுத்தினேன். அணைக்கவில்லை. அந்த இஞ்சினைக் குளிரில் கிளப்பி உடனே அணைத்தால், உள்ளே பெட்ரோல் தேங்கி, மறுபடி கிளம்பாது. வெப்பம் காட்டும் முள் நடுவுக்கு வரும்வரை ஓட விட வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். "என்ன வே இது, சாவு வீட்டு வாசல்ல? ஆப் பண்ணும்." உள்ளே உட்கார்ந்தபடியே முள்ளைச் சுட்டிக்காட்டினேன். அப்போது உள்ளே பெண்களுக்கு நடுவிலிருந்து மதினியின் குரல் வந்தது. "அது சூடாவட்டும் மாமா. சூடாவாம அணைக்கக் கூடாது."

இத்தனை வருடங்களில் ஒருநாள்கூட அந்த வண்டிக்குள் கால் வைக்காதவர் அவர்.

அண்ணாச்சிக்கு அந்தச் சத்தம் இளம்வயதில் பிடித்துக்கொண்டது. சென்னைப் பக்கம் கார்ப் பந்தயம் ஒன்றைப் படமெடுக்க அனுப்பியிருக்கிறார்கள். மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டு போக, ஒன்று மட்டும் கூட்டைக் கலைத்த தேனீக்கள் மாதிரிப் போனதாம். "திரும்பிப் பாத்தேன், போயிட்டு. படத்துல ஒரு செவப்புக் கோடுதான் விழுந்திருந்தது. ஆபீஸ்ல தூக்கிப் போட்டுட்டான்" என்பார். அந்தச் செவப்புக் கோட்டைத்தான் அவர் தன் ஓய்வுக் காலம் வரை தேடினார். கடைசியில் கொச்சியில் கிடைத்தது. மலேசியாவிலிருந்து திரும்பிய வியாபாரி ஒருவர் வரும்போது கொண்டுவந்த வண்டி. அவர் இறந்த பிறகு ஷெட்டில் நின்றது.

பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விற்பவர் வீட்டு ஆள் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. அந்த ஆள் பெருமையாகப் பார்த்தார். அண்ணாச்சி அசையவில்லை. "இப்ப கிளம்பும். இது கொதிக்கக் கொதிக்க ஓடிட்டு வந்து, அணச்சு, ஒரு டீ குடிச்சிட்டு வந்தா கிளம்புதான்னு பாக்கணும்" என்றார். முக்கோணத்தின் முனைகளில் இருக்கும் சீல் தேய்ந்திருந்தால் சூட்டில்தான் தெரியும் என்று எங்கேயோ படித்து வைத்திருந்தார். ஓட்டினோம், அணைத்தோம், டீ குடித்தோம். திரும்ப வந்து சாவியைத் திருப்பினார். வண்டி இழுத்தது, யோசித்தது, பிறகு பிடித்துக்கொண்டது. அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். கோயிலில்கூட அவரை அப்படிப் பார்த்ததில்லை.

வண்டி ஊருக்கு வந்த மறுநாள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூஜை. வீட்டிலிருந்து கோயில் கூப்பிடு தூரம். குருக்கள், "சூடம் காட்டப் போறேன், அணைச்சிடுங்கோ" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். அணைத்துவிட்டார். மதினி கையில் தாம்பாளத்தோடு நின்றிருந்தார். சூடத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டதும், எல்லோர் முன்னிலையிலும் கையை நீட்டினார்.

"அறுபதுக்கு மேல முள்ளு போகாதுன்னு அடிச்சுச் சொல்லுங்க."

 மதினியின் ஒரே தம்பி, சேரன்மகாதேவிக்குச் சற்று முந்திய வளைவில், வேகமாகப் போன பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தவன். அண்ணாச்சி அந்தக் கையில் தன் கையை வைத்தார். "போகாது" என்றார். பிறகு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதற்காகச் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பவில்லை. எத்தனை தடவை திருப்பியும் கிளம்பவில்லை. தெருவே சேர்ந்து தேரைத் தள்ளுவதுபோல வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். மதினி சொன்னார்: "நான் அறுபதுதான் கேட்டேன். உங்க பிள்ளையாரு பூஜ்யத்துலயே நிறுத்திட்டாரு."

அடுத்த ஆயுதபூஜையிலிருந்து குருக்களுக்கும் அண்ணாச்சிக்கும் ஓர் ஏற்பாடு. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், மந்திரம் அதற்கு மேல் கேட்கும்படி சொல்லப்படும்.

வண்டியைப் பராமரிப்பது தனிக் கதை. அந்த இஞ்சின் பெட்ரோலோடு கொஞ்சம் ஆயிலையும் எரிக்கும். அது அதன் பிறவிக் குணம். லேசாகப் புகை வரும். வண்ணார்பேட்டை மெக்கானிக் ஒருவர் புகையைப் பார்த்ததுமே, "ரிங் போச்சு அண்ணாச்சி, இறக்கிர வேண்டியதான்" என்றார். "இதுல பிஸ்டனும் இல்ல, ரிங்கும் இல்ல வே. இல்லாதது எப்பிடிப் போகும்?" மெக்கானிக் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இஞ்சினையே காணோமே" என்றார். அவ்வளவு சிறியது. இருவரும் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு அந்த மெக்கானிக்தான் கடைசிவரை அதற்கு ஆயில் மாற்றினார். பிளக்கும் சீலும் சிங்கப்பூரிலிருந்து யாராவது தெரிந்தவர் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வரும். பெட்ரோல் போடும்போதெல்லாம் அண்ணாச்சி ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். பங்கில் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவர் துணியால் குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு மறுபடி பார்ப்பார்.

ஆனால் உண்மையான சிக்கல் மதினிக்குக் கொடுத்த வாக்கில்தான் இருந்தது. எல்லா வண்டியும் பைய ஓட்டினால் நீடித்து உழைக்கும். இது மட்டும் பைய ஓட்டினால் சாகும். உள்ளே கரி படிந்து சீல் இறுகிவிடும். தினம் ஒருமுறையாவது அதன் உச்சம் வரை சுழல விட வேண்டும். உச்சத்தை நெருங்கும்போது எச்சரிக்கையாக உள்ளே ஒரு கருவி கூவும். அந்தக் கூவல்தான் அதற்கு மருந்து.

அண்ணாச்சி ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். இடப்பக்கக் கதவைத் திறந்தபோது, "காலத் தட்டிட்டு ஏறும் வே, அவ சீட்டு" என்றார். பத்தமடை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், நேரான சாலை. முதல் கியரை மாற்றவே இல்லை. அப்படியே மிதித்தார். இஞ்சின் அலறியது. என் முதுகெலும்பில் ஏறியது அந்தச் சத்தம். கருவி கூவியது. "முள்ளப் பாரும்!" என்று கத்தினார். வேகமுள் ஐம்பத்தைந்தில் நின்றது. முதல் கியரில் அதற்கு மேல் அந்த வண்டியால் போக முடியாது. எங்களை ஒரு மினி பஸ் முந்திக்கொண்டு போனது. ஜன்னலோரம் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, தள்ளி விடணுமா?" என்று கேட்டார்.

அந்த வண்டியைத் தன் காலம் முழுவதும் அவர் இப்படித்தான் ஓட்டினார். ஊரில் மிக வேகமான வண்டியை வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு வழிவிட்டார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் முதல் கேள்வி, "இன்னைக்குக் கூவியாச்சா?" என்பதுதான்.

ஊர் சும்மா இருக்குமா? அலறலைக் கேட்டவர்கள் மதினியிடம், "நூத்தம்பதுல போவுதாரே, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டியளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மதினி சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். தட்டு வரும், சோறு வரும், சொல் வராது. அண்ணாச்சி என்னைச் சாட்சிக்குக் கூட்டிப் போனார். "நீரு பத்திரிகைக்காரரு. சொன்னா நம்புவா." நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். மதினி கீரை ஆய்ந்துகொண்டே, "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்தான" என்றார்.

பிறகு அண்ணாச்சி, வண்டி கூவும் நேரத்தில் வேகமுள்ளை நான் படமெடுக்கும்படி செய்தார். அவர் வாழ்நாளில் இன்னொருவர் கையில் கேமராவைக் கொடுத்தது அந்த ஒருமுறைதான். முள் ஐம்பத்தைந்தில் தெளிவாக விழுந்திருந்தது. மதினி படத்தை வாங்கிப் பார்த்தார். "இதுல சத்தம் எங்க இருக்கு? நிக்கும்போதுகூட எடுத்திருக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். செல்லில் வீடியோ எடுத்துக் காட்டினோம். "இப்பல்லாம் செல்லுல செத்தவங்களே பாடுதாங்க" என்றார்.

"அப்ப நீயே வந்து உக்காந்து பாரு கோமதி. ஒரே ஒருக்கா."

"நான் உக்காந்தா எந்திரிக்க கிரேன் வரணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பேச்சும் திரும்ப வந்தது. ஆனால் ஏறவில்லை. தம்பி போன பிறகு அவர் பஸ் தவிர எதிலும் அந்தச் சாலையில் போனதில்லை. அண்ணாச்சிக்கு அது தெரியும். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மாலைகளில் வண்டியைத் துடைக்கும்போது இடப்பக்கக் கதவை அகலத் திறந்து வைப்பார். எல்லாவற்றையும் துடைத்து முடித்து, கடைசியில்தான் அதை மூடுவார். மூடும் முன் வாசலைப் பார்ப்பார். நான் பல நாள் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். அந்த முள் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "பாபநாசம் வரைக்கும் அவளக் கூட்டிட்டுப் போவணும் வே. வழியில ஒருக்கா கூவ விடணும். நான் பொய் சொல்லலன்னு அவ காதால கேட்டு, கண்ணால பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அது நடக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பெங்களூரிலிருந்து வந்த மகளும் திரும்பிய பிறகு, மதினி அழைத்தார். "தம்பி, பாபநாசத்துக்குப் போவணும். கோயிலுக்குள்ள போவலாமோ கூடாதோ, ஆத்தப் பாத்துட்டு வருவோம்." டாக்சி சொல்லட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? வண்டி நிக்கில்லா" என்றார்.

நான் போனபோது இடப்பக்கக் கதவு அகலத் திறந்திருந்தது. மதினி காலைத் தட்டிவிட்டு ஏறினார். கிரேன் தேவைப்படவில்லை. மேலப்பாளையம், முன்னீர்பள்ளம் தாண்டினோம். மடியில் கைகளைக் கோர்த்திருந்தார். இஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. பத்தமடையைக் கடந்ததும் வயல்கள் திறந்தன. நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேகம் குறைத்தேன்.

"இங்கன வச்சுத்தானா?" என்று கேட்டார்.

"ஆமா மதினி."

"விடுங்க."

முதல் கியரில் மிதித்தேன். அலறல் எழுந்தது. நடவு வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மதினி ஒரு கையால் கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டார். ஆனால் கண்ணை மூடவில்லை. என் பக்கம் சாய்ந்து, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது, நாற்பது, ஐம்பது. கருவி கூவியது. முள் ஐம்பத்தைந்தில் நின்றது.

காலை எடுத்தேன். சத்தம் இறங்கியது. சேரன்மகாதேவி வளைவு வந்தது. அதைக் கடந்தோம். வீரவநல்லூர் வரும்போதுதான் பேசினார்.

"அறுபதத் தொடவே இல்ல."

"இல்ல மதினி."

"அந்த மனுசன்ட்ட பேசாம இருந்தேனே தம்பி."

பாபநாசத்தில் ஆறு நிறையத் தண்ணீரோடு போனது. படித்துறையில் இறங்கிக் கால் நனைத்தார். திரும்பி வந்து ஏறியதும், "போம்போதும் அங்கன ஒருக்கா கூவ விடுங்க" என்றார். வீடு வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் படம் உங்ககிட்டதான இருக்கு?"

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலை போட்ட அண்ணாச்சி படத்துக்குக் கீழே இப்போது அது இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது என்னவென்று புரிவதில்லை. வண்டியை விற்கவில்லை; வாரம் ஒருமுறை நான் போய்க் கூவ விட்டு வருகிறேன். நான் போக முடியாத வாரங்களில் மதினியே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். ஓட்டத் தெரியாது. வெப்ப முள் நடுவுக்கு வரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு அணைக்கிறார்.

அண்ணாச்சியின் கேமராக்கள் மகளிடம் போயிருக்கின்றன. படம் மதினியிடம் இருக்கிறது. அதில் இல்லாத சத்தம் என்னிடம் இருக்கிறது.