ஒரு கட்டம் முந்திப் போனது

கல்யாணமான புதிதில் அவருடைய மாமியார், "எங்க மாப்பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியில சர்வர் வேலை பாக்குறாரு" என்று பெருமையாகச் சொல்லப்போக, அவர் கேன்டீனில் தட்டு எடுத்து வைக்கிறவர் என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் அவருக்குச் சர்வர்க்காரர் என்றே பெயர். மாடிப்படிக்குக் கீழே, ஏசி மட்டும் ஒழுங்காக ஓடும் சின்ன அறை அவருடையது. நோயாளிகளைப் பதிவது, ரத்தப் பரிசோதனை, மருந்துக்கடை எல்லாமே அங்கிருந்த சர்வர் என்ற ஒரே கம்ப்யூட்டர் மெஷினை நம்பித்தான் நடந்தன.

அந்த மெஷினின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை, செய்த கம்பெனியே கைகழுவிவிட்டது. புதியதை ஏற்ற வேண்டும். தேய்ந்துபோன டிஸ்க்கையும் மாற்ற வேண்டும்.

"ஒரு முழு நாள் நிறுத்திக் குடுங்க சார். புது டிஸ்க்கை முதல்லேர்ந்து பிரிச்சுப் போட்டு, டேட்டாவை ஏத்திடறேன்" என்று நிர்வாகியிடம் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு லீவு விடச் சொல்றீங்களா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் எடுத்துக்கோங்க. சாயங்காலம் ஓடணும்."

அதற்குள் முடிக்க ஒரே வழிதான் இருந்தது. பழைய டிஸ்க்கை அச்சு அசலாகப் புதியதில் நகலெடுத்து, அதன் மேலேயே புது சிஸ்டத்தை ஏற்றினார். சாயங்காலம் எல்லாம் ஓடியது. நிர்வாகி கைகுலுக்கினார்.

திங்கட்கிழமை கூட்டம் ஏறியதும் மெஷினுக்கு மூச்சு வாங்கியது. எதற்குப் பயந்து முழு நாள் கேட்டாரோ அதுவே நடந்திருந்தது. டிஸ்க் என்பது பூஜ்யத்திலிருந்து எண் போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள். அதில் டேட்டா உட்காரும் பகுதியான பார்ட்டிஷன், பழைய வழக்கப்படி அறுபத்து மூன்றாம் எண் கட்டத்தில் தொடங்கியது. புது டிஸ்க்கோ எட்டு எட்டுக் கட்டமாக ஒரு தொகுப்பாகச் சேர்த்துத்தான் எழுதும். அறுபத்து நான்கில் தொடங்கியிருந்தால் எல்லாம் பொருந்தியிருக்கும். ஒரே ஒரு கட்டம் முந்திக்கொண்டதால், எழுத வந்தவை எல்லாம் இரண்டு தொகுப்புகளில் காலைப் பரப்பி உட்கார்ந்தன. ஒரு தொகுப்பைத் தொட வேண்டிய இடத்தில் டிஸ்க் இரண்டைப் படித்து, இரண்டையும் திருத்தி எழுதிக்கொண்டிருந்தது. முதல் கோணல் முற்றும் கோணல். நேராக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அதற்கும் அதே முழு நாள் வேண்டும்.

ரத்தம் எடுக்கும் இடத்துக்கு ஓடினார். வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. நடுவில், சுவரில் சாய்ந்தபடி மாமியார்! சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்திருந்தார்.

"மாப்ள, பச்சத் தண்ணி பல்லுல படல. தலை கிறுகிறுங்குது. உங்க மெஷினுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சர்வர்க்காரர் கவுன்ட்டர் பெண்ணிடம் போய்க் கெஞ்சினார். மெஷினிலிருந்து நோயாளியின் பேர் போட்ட லேபிள் அச்சாகி வராமல் யாருக்கும் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது விதி. முன்பு ஒருமுறை ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்கள் மாறிப்போய் ஒருவருக்குத் தவறான மருந்து போய்விட்டதாம்.

"நீங்களே பாருங்க சார். தட்டுனா சுத்திக்கிட்டே இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

திரும்பி வந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். லேபிள் வந்து ரத்தம் எடுத்து முடிந்ததும் மாமியார் சொன்னார்: "விடுங்க மாப்ள. நீங்க என்ன, வேணும்னா செய்றீங்க?" திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

நிர்வாகியிடம் போனார். "ஓடுது இல்ல?" என்றார் அவர்.

"ஓடல சார், நொண்டுது."

"நொண்டியாவது போகுதே. நிறுத்தினா அதுவும் இல்லியே."



விடாமல் நச்சரித்து ஒரு ஞாயிறு முழுக்க வாங்கினார். அன்று காலை ஒரு பஸ் கவிழ்ந்து, அடிபட்டவர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். மெஷினை நிறுத்தக் கை வைத்தவர், வராந்தாவில் கேட்ட அழுகையில் கையை எடுத்துக்கொண்டார். "இன்னிக்கு வேணாம் சார்" என்று அவரே போய்ச் சொன்னார்.

அதற்குப் பிறகு தேதி கிடைக்கவில்லை. டேட்டாவை நகலெடுத்து வைக்க காலையில் ஓடிய பேக்கப்பைச் சாயங்காலத்துக்குத் தள்ளினார். வரிசை கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான். இப்போதெல்லாம் கூட்டம் சேரும் முன்பே வந்து, மாடியில் சும்மா கிடக்கும் நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கி வந்து வரிசை நெடுகப் போடுகிறார்.