பெட்டிக்கு வெளியே நின்றவள்

இன்றைக்கும் சொல்கிறேன், அந்தப் படத்தில் வில்லனைச் சாய்த்தது கதாநாயகன் இல்லை. இடது ஓரத்தில் கம்போடு நின்ற பெண்தான். போன மாதம் என் மகன் அதே படத்தைப் புதிதாக ஒரு டிவிடி வட்டில் கொண்டுவந்தான். கோடு கிடையாதாம், புள்ளி கிடையாதாம், தியேட்டரில் ஓடிய முழு அகலமாம். "பாத்துட்டு அப்பறம் பேசும்மா" என்றான். நான் போடச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்த எனக்கு எதற்குச் சாட்சி? நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் வட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. செல்லூரில் எங்கள் வீட்டின் முன்பக்கம் நான்கு விசைத்தறிகள் ஓடும், பின்பக்கம் நாங்கள் இருப்போம். எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. அந்த வருடம் தையில்தான் அவளைச் சோழவந்தானில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா வீட்டுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. ஆடிக்கு அழைத்து வந்த புதுப்பெண் ஆவணியில் திரும்பிப் போக வேண்டும். அத்தை ஆவணியிலும் போகவில்லை, தீபாவளிக்கும் போகவில்லை. என்மேல் உள்ள பிரியத்தால்தான் போகாமல் இருக்கிறாள் என்று நானாக முடிவு செய்துகொண்டு தெருவெல்லாம் பெருமையடித்தேன்.

அவளுக்கு இடது மணிக்கட்டு திரும்பாது. துணி துவைத்தால் பிழிய முடியாது. சேலையின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்வாள், மறுமுனையை நான் முறுக்குவேன். கிணற்றடியில் தானாக வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சோழவந்தானிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னார்கள். அத்தை மட்டும் அதைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் கோயிலுக்குப் போய்வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அத்தை என்னைக் கூட்டிப் போனாள். போனது மேட்னி ஷோவுக்கு. வெளிநாட்டுச் சண்டைப் படம். ஊரில் பெண்கள் யாரும் அந்த மாதிரிப் படத்துக்குப் போக மாட்டார்கள். பெண்கள் வரிசையில் நாங்கள் இரண்டு பேர்தான். வாயசைவு ஒரு பக்கம் போக, இங்கிலீஷ் வசனம் இன்னொரு பக்கம் போனது. அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை. குருவைக் கொன்றுவிடுகிறார்கள், அவர் சீடனும் மகளும் பழி வாங்குகிறார்கள். கதை அவ்வளவுதான்.

கடைசிச் சண்டையை மட்டும் நான் மறக்க மாட்டேன். கல் பாவிய பெரிய முற்றம். நடுவில் கால் ஒடிந்து, கையில் ஒன்றுமில்லாமல் கதாநாயகன் நிற்கிறான். வலது கோடியில் கத்தியோடு வில்லன். இடது கோடியில் கம்போடு குருவின் மகள். மூன்று பேரையும் பார்க்க நான் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப வேண்டியிருந்தது, திரை அம்புட்டு அகலம். அவள் கம்பை எறிகிறாள். அது கதாநாயகனின் தோளுக்கு மேலாகப் பறந்து போய் வில்லனின் தொண்டையில் இறங்குகிறது. தியேட்டரே விசிலடித்தது. அத்தை விசிலடிக்கவில்லை, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வலித்தது. வலிக்கிறது என்று சொல்லவும் பயமாக இருந்தது.

வரும் வழியில் ஒரு கடையில் பூவும் குங்குமப் பொட்டலமும் வாங்கினாள். என் நெற்றியில் அவளே குங்குமத்தை வைத்துவிட்டு, "செத்தாலும் சொல்லக் கூடாது" என்றாள். சொல்ல மாட்டேன் என்று அவள் தலைமேல் சத்தியம் செய்தேன்.

கார்த்திகையில் மாமாவும் மாமாவின் அம்மாவும் அத்தையை அழைத்துப்போக வருவதாகக் கடிதம் வந்தது. அப்பா அதைச் சத்தமாகப் படித்தார். போகிறாயா என்று அத்தையை யாரும் கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு, சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸுக்கு அத்தை புறப்பாடு என்று முடிவாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் வந்தால் டி.வி.யும் வீடியோ நாடா ஓட்டும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவது அப்போது எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதை. அதற்கும் ஒரு முறை இருந்தது. முதலில் ஒரு சாமி படம், பிறகு ஒரு குடும்பப் படம், மாப்பிள்ளைக்காக ஒரு சண்டைப் படம். அந்தச் சண்டைப் படம் எதுவென்று நான்தான் சொன்னேன். அத்தை போவதற்கு முன் அந்தப் பெண்ணை இன்னொரு தடவை பார்க்கட்டும் என்பது என் திட்டம். அழுது அடம்பிடித்துச் சாதித்தேன். படத்தின் பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தறிகளை நிறுத்தினார். பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் தவிர எங்கள் வீட்டில் தறி நின்று நான் பார்த்ததில்லை. தறி ஓடினால் கரண்ட் இறங்கும், படம் சுருங்கிவிடும் என்று டெக்காரர் முன்பே எச்சரித்திருந்தார். மாமா வெற்றிலைக் கட்டும் எனக்கு அல்வாவும் கொண்டுவந்தார். எனக்கு மாமாவைப் பிடிக்கும். நன்றாகச் சிரிப்பார், கதை சொல்லுவார். அத்தையின் பெட்டி காலையிலிருந்தே வாசல் பக்கம் தயாராக இருந்தது. அத்தை அடுப்படியில் இருந்தாள்.

முதல் இரண்டு படங்களும் ஒழுங்காக ஓடின. மூன்றாவது நாடாதான் மோசம். நகலுக்கு நகல் எடுத்து, அதற்கும் ஒரு நகல் எடுத்த நாடா போலிருக்கிறது. கதாநாயகனின் முகம் உரித்த முட்டையாக இருந்தது, கண் மூக்கு எதுவும் இல்லை. ரத்தம் ரோஸ் நிறத்தில் வழிந்தது. படத்தின் அடிப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு நடுங்கிக்கொண்டே இருந்தது. குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடி ஓடி மறைந்தன. டெக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு புது ரூபாய் நோட்டை எடுத்து, மடித்து, டெக்கின் வயிற்றுக்குள் விட்டுத் துடைத்தார். ஒரு குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். பிறகு, "மாஸ்டர் பிரிண்ட்டுண்ணே, ஒங்க வீட்டு கரண்ட்டுதான் சரியில்ல" என்று முடித்துவிட்டார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு கடைசிச் சண்டைக்காகக் காத்திருந்தேன். வந்தது. முற்றம் இருந்தது, கதாநாயகன் நடுவில் நின்றான், வில்லனின் பாதி உடம்பு தெரிந்தது. இடது பக்கம் அவள் இல்லை. அத்தனை அகலமான படத்தை டி.வி. பெட்டிக்குள் அடைக்க இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள் என்பது எனக்கு எங்கே தெரியும்? ஜன்னலில் ஓரமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தால் தெருமுனை தெரியுமே, அதுபோல டி.வி.யின் வலது பக்கம் போய்க் கன்னத்தைப் பெட்டியில் ஒட்டவைத்துக்கொண்டு இடது பக்கம் எட்டிப் பார்த்தேன். கூடம் முழுக்கச் சிரித்தது. அதற்குள் ஒரு கோடு குறுக்கே ஓடியது. அந்த நாடாவில் கோடுகளுக்கா பஞ்சம்? கம்பும் அதில் ஒரு கோடாகிப் போனது. வில்லன் விழுந்தான்.

"இவன் என்னப்பா, தானா விழுந்துட்டான்!" என்றார் மாமா. எல்லாரும் மறுபடி சிரித்தார்கள்.

"தானா விழுகல. அந்தப் பக்கம் ஒரு பொம்பள நிக்கிறா. அவதான் கம்ப எறிஞ்சா" என்று கத்தினேன்.

"பொம்பளயா? எங்க, காட்டு பாப்போம்" என்றார் மாமா. "நீ இந்தப் படம் பாத்திருக்கியா?"

அத்தையின் தலைமேல் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. "இல்ல" என்றேன்.

"பின்ன எப்புடித் தெரியும்?"

"தெரியும்."

மாமாவின் அம்மா அப்பாவைப் பார்த்து, "பொட்டப் பிள்ளைக்கு இம்புட்டுப் பொய்யும் வாயும் ஆகாது தம்பி" என்றார். அப்பா என் காதைப் பிடித்துத் திருகினார். மாமாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. காது தீயாக எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் கேட்க மாட்டேன் என்று அந்தக் கம்புக்காரி நின்ற பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என்னைக் கொன்றிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"அவ காத விடுண்ணே. அவ சொல்றது நெசம். நாங்க தியேட்டர்ல போயிப் பாத்தோம். நான் ரெண்டு தடவ பாத்தேன்" என்றாள்.

கூடத்தில் அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கை என் காதிலிருந்து தானாக இறங்கியது. அத்தை டெக்காரரிடம் அந்தக் கடைசி இடத்தை மறுபடி போடச் சொன்னாள். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், அத்தையின் முகத்தைப் பார்த்தார், நாடாவைப் பின்னால் ஓட்டினார். முற்றம் வந்ததும் அத்தை டி.வி.க்குப் பக்கத்தில் போய், அதன் இடது பக்கம் வெறும் சுவரில், திரும்பாத அந்தக் கையை வைத்தாள்.

"இங்க நிக்கிறா" என்றாள். கோடு ஓடியது. "எறிஞ்சிட்டா." வில்லன் விழுந்தான். "தானா எவனும் விழுகல."

"சினிமாவுக்குப் போயி என்னென்ன கத்துக்கிட்டு வந்திருக்கா பாருங்க மச்சான்" என்று மாமா எழுந்தார்.

அத்தை அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "நானும் கெணத்தடியில தானா விழுகலண்ணே" என்றாள். "நான் போகல."

அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து முன்பக்கம் போனார். ஒரு தறி ஓடும் சத்தம் கேட்டது. இரண்டாவது ஓடியது, மூன்றாவது, நான்காவதும் ஓடியது. டி.வி.யில் படம் சுருங்கி, உள்ளங்கை அகலமாகி, அணைந்துபோனது. மாமாவின் அம்மா கையை நீட்டி நீட்டி என்னென்னவோ பேசினார். தறிச் சத்தத்தில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பலகாரத்தைத் தொடாமலேயே இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். அம்மா வாசலிலிருந்த அத்தையின் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று குதித்திருக்க வேண்டும். பெட்டிக்கு வெளியே ஒரு பெண் நின்றாள் என்பதை ஊரறிய நிரூபித்தாயிற்று. ஆனால் எனக்கு வந்தது கோபம். இரண்டாம் தடவை எப்போது போனாய் என்று அத்தையைப் பிடித்துக்கொண்டேன். கடிதம் வந்ததற்கு மறுநாள் என்றாள். யார் கூட என்று கேட்டேன். தனியாக என்றாள்.

"என்னய ஏன் விட்டுட்டுப் போன?"

"அன்னைக்குத் தனியாப் பாக்கணும்போல இருந்துச்சு."

இது ஒரு பதிலா? காதைத் திருகியும் வாயைத் திறக்காத எனக்கு இதுதான் மரியாதையா? இரண்டு நாள் அத்தையோடு நான் பேசவில்லை. துணி பிழியக் கூப்பிட்டாள், போகவில்லை. கொல்லைப்புறத்தில் சேலையின் ஒரு முனையைத் தூணில் கட்டிவிட்டு, மறுமுனையை வலது கையால் அவளே முறுக்கிக்கொண்டிருந்தாள். நன்றாகப் படட்டும் என்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.