யோசித்துக் கியர் போடும் வண்டி

நவம்பர் 8, சனிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், இருபத்திரண்டு நிமிடத்தில் டேங்க் நிறைந்தது. இரண்டு இட்லி போதும் என்று உட்கார்ந்து நான்கு சாப்பிட்டேன். எட்டரைக்குக் கம்பெனி. மதியத்துக்குள் ஒரு லாட் டி-ஷர்ட் பார்த்து முடித்தேன். பதினேழு பீஸில் குறை. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது... குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைத்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். இருபத்தாறு வருடமாகக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை.

நான்கு மணிக்கு சேகர் வந்தான்.

சேகர் என் சகலை. என் மனைவியின் தங்கை வாணியின் கணவன். வீரபாண்டியில் எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கிறான். நான்கு மாதத்துக்கு முன் ஒரு பிக்கப் வாங்கினான். உள்ளே ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் துணிக்கட்டு ஏற்றலாம். செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது.

என் காரில் கிளட்ச் இருக்கிறது. பல்லடம் ரோட்டில் சனிக்கிழமை சாயங்காலம் அதை எத்தனை தடவை மிதிக்க வேண்டியிருக்கிறது தெரியுமா? ஒரு நாள் எண்ணினேன். வீடு வந்து சேர்வதற்குள் நூற்றுப் பதினான்கு. அன்றிலிருந்து இடது முட்டிக்குத் தைலம்.

சேகரோ இடது காலை மடக்கி சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிறான். வண்டியைப் பார்த்தால்கூட எனக்கு அவ்வளவாக இல்லை. அந்த இடது காலைப் பார்க்கும்போதுதான்...

பொறாமைதான். வேறு கௌரவமான வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அந்த மாடலை முதலில் பார்த்து வைத்தவன் நான். இரண்டு வருடத்துக்கு முன்பே. அதன் கையேட்டை நெட்டிலிருந்து இறக்கி, முந்நூறு பக்கத்தையும் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பென்சிலால் கோடிட்டுப் படித்தேன். நோட்டில் நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று எழுதினேன். எழுதிக்கொண்டே இருந்தேன். சேகர் ஒரு நாள் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான் — ஓட்டிக்கொண்டே வந்துவிட்டான். வண்டி அவனிடம்; புத்தகம் என்னிடம்.

"உங்க காரு இங்கயே கெடக்கட்டும்ங்ணா. பேக்கரி வரைக்கும் போயிட்டு வரலாம், ஏறுங்க" என்றான்.

ஏறினேன். கம்பெனி கேட்டிலிருந்து ரிவர்ஸ் எடுத்தான். லீவரை முன்னால் போவதற்கான 'டி'க்குத் தள்ளினான். வண்டி நகரவில்லை. ஒன்று... இரண்டு... மூன்று... பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல 'டொக்'கென்று ஒரு சத்தம். அப்புறம்தான் கிளம்பியது.

"ஏன் தம்பி, எடுக்கறதுக்கு இவ்வளவு நேரம்?"

"ஆட்டோமேட்டிக்ங்ணா. நம்மளாட்ட பொசுக்குன்னு போட்டுறாது. யோசிச்சுத்தான் போடும்."

மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் அலறியது. வேக முள் நாற்பதைத் தாண்டவில்லை. சேகர் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

பேக்கரி முன்னால் நிறுத்தியதும், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன். வண்டிக்கு அடியில் நான்கைந்து சொட்டு. பீட்ரூட் தண்ணீர் போலச் சிவப்பு. இன்ஜின் ஆயில் என்றால் கறுத்திருக்கும். ஏசி தண்ணீர் என்றால் நிறமே இருக்காது. சிவப்பு என்றால் கியர் பாக்ஸ் ஆயில் — கையேட்டில் நான் பென்சிலால் இரண்டு முறை கோடிட்ட இடம். கியர் விழத் தாமதம், ஏற்றத்தில் இழுக்காமை, கீழே சிவப்பு ஒழுகல். மூன்றும் சேர்ந்திருந்தால் ஓட்டாதே, உடனே காட்டு என்று போட்டிருக்கிறது.

அந்த நிமிடத்தில் என் மனதில் என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? கவலையா? டைரியில் உள்ளதை அப்படியே தருகிறேன்: '4.25 — மகிழ்ச்சி.'

டீயைக் கையில் வாங்கியபோது சேகர் சொன்னான். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வால்பாறை கெளம்பறமுங்ணா. நானு, வாணி, பசங்க ரெண்டு பேரு. அத்தையும் வர்றேன்னுட்டாங்க."

அத்தை என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் மாமியார். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவில் வண்டி மூன்று விநாடி யோசித்து, அதற்குள் பின்னால் உருண்டால்? டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"தம்பி, உன்ற வண்டில..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்தீங்ளா, ஆரம்பிச்சுட்டாரு" என்று பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நண்பர்களிடம் திரும்பினான். "எங்கண்ணன் குறை சொல்றதுக்குன்னே சம்பளம் வாங்கறவருங்க. கொழம்புல உப்பு இருந்தாலும் ஸ்டிக்கரு, இல்லீனாலும் ஸ்டிக்கரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சீட் கவர் நல்லாருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி கோமதியிடம் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியோடு திரும்பினாள்.

"நாலு மாசத்துல அந்த வண்டியப் பத்தி ஒரு நல்ல வார்த்த சொல்லிருக்கீங்ளா? கலரு செரியில்லீன்னீங்க. ஒசரம் அதிகம்னீங்க. எடுத்த நாளு அஷ்டமின்னீங்க. இன்னிக்கு ஆயிலாக்கும்?"

"இது நெஜமாவே ஒழுகுது கோமதி."

"அப்ப அதெல்லாம் பொய்யி?"

சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

"எங்கம்மாளும் அதுலதான் போறாங்க. நெஜமா இருந்தா போன் பண்ணிச் சொல்லுங்க. வயித்தெரிச்சலா இருந்தா சாப்பிட்டுட்டுக் கம்முனு படுங்க."

"ரெண்டுமா இருந்தா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அது உங்க பாடு" என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.

போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். சொன்னால் சேகர் சிரிப்பான். சிரித்துவிட்டு மலைக்கும் போவான். 'மாமாவுக்குப் பொறுக்கலீங்க' என்று வாணி சொல்வாள். அதில் தவறும் கிடையாது — பொறுக்கவில்லைதான். ஆனால் ஆயிலும் ஒழுகுகிறதே?

படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன். நான்கு மாதத்தில் அந்த வண்டியை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். சந்தனம் வைத்தார்கள், எலுமிச்சம்பழம் கட்டினார்கள், சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் சேகர் மேல் பிரியமானவர்கள். ஒருவராவது அடியில் குனிந்து பார்த்தார்களா? பிரியமானவர்கள் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள். பொறாமைக்காரன்தான் குனிகிறான். அவனைப்போல அக்கறையாக நம் உடைமையைச் சோதிக்கிற ஆள் வேறு கிடையாது. ஒரே சிக்கல்... அவனுடைய ரிப்போர்ட்டை யாரும் படிக்க மாட்டார்கள்.

அதுவும் அவன் செய்துகொண்டதுதான். எங்கள் செக்கிங் டேபிளில் ஒரு பெண் இருந்தாள். மேஸ்திரி மேல் கோபம் வந்தால் நல்ல பீஸுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவாள். பிறகு அவள் நிஜமான ஓட்டையைக் காட்டினாலும் 'அவ அப்படித்தான்' என்று பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு நான் எவ்வளவு புத்தி சொல்லியிருக்கிறேன்... கலர், உயரம், அஷ்டமி என்று நான் ஒட்டியது என்ன? நல்ல பீஸில் மூன்று ஸ்டிக்கர்.

நவம்பர் 9, ஞாயிறு. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. பல் தேய்க்கவில்லை. முதல் வேலையாக சேகருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, ரெண்டு விஷயம் இருக்குது. சிரிக்காம கேளு. உன்ற வண்டி மேல எனக்குப் பொறாமை. நாலு மாசமா இருக்குது. கலரு நல்ல கலருதான், ஒசரமும் செரிதான், நாளும் நல்ல நாளுதான். அது ஒண்ணு. கியர் பாக்ஸ் ஆயில் கீழ ஒழுகுது. மல ஏத்தாத. அது வேற. ரெண்டையும் ஒண்ணாக்கிப் பாக்காத."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கேட் திறக்கும் சத்தம். 'ஆருங்க அது, இந்நேரத்துல?' என்று வாணியின் குரல். சேகர் குனிகிறான் என்பது மூச்சில் தெரிந்தது.

"வாணி, பையெல்லாம் கீழ எறக்கு" என்றான்.

அப்புறம் என்னிடம், மெதுவாக:

"பொறாமை தெரியுமுங்ணா. ஆயில்தான் தெரியாது."