பசியென்று நினைத்த தாகம்

மகன் போத்தல் பாலை முடித்த பிறகும் அழுதான். அதுதான் முதல் அறிகுறி. அப்போது அவனுக்கு இரண்டு மாதமும் பத்து நாளும். சூப்பியை வாயிலிருந்து எடுத்தால் உதட்டை நீட்டி நீட்டித் தேடுவான். பசி அடங்கவில்லையாக்கும் என்று இன்னொரு போத்தல் கரைத்தேன். அதையும் ஆவலாக இழுத்துக் குடித்தான். குடித்துவிட்டு முன்னதைவிடக் கூட அழுதான். கண்ணீர் மட்டும் வரவில்லை.

நான் தீவுப்பகுதியில் சரவணை என்ற ஊரைச் சேர்ந்தவள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுதிப் பழக்கமில்லை. போன மாதம் கிளினிக்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தங்கச்சி, மிட்வைப் அக்காவை (வீடு வீடாக வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிற அரசாங்க மருத்துவமாது) கண்டதும் பால் போத்தலைத் துவாய்க்குள் சுற்றிப் பைக்கு அடியில் வைத்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்து நாலாம் கிழமை என் இடது மார்பு கல்லாக இறுகியது. குளிர்க் காய்ச்சல் வந்தது. இன்றைக்கு இளகும், நாளைக்கு இளகும் என்று ஐந்து நாள் இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் சீழ்க்கட்டி (பால் கட்டிய இடத்தில் கிருமி பிடித்துச் சீழ் வைத்தது) என்று சொல்லி வெட்டிவிட்டார்கள். வலது பக்கத்தால் தாராளமாகக் கொடுக்கலாம், இடதும் ஆற ஆறக் கொடுக்கலாம், விட்டுவிடாதீர்கள் என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். நான் "ஓம் டொக்டர்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போதே பயம் பிடித்துவிட்டது. இந்தப் பக்கத்துச் சீழ் அந்தப் பக்கம் போகாது என்று என்ன நிச்சயம்? வீட்டில் மச்சாள், இவருடைய அக்கா, இருந்தா. அஞ்சு பிள்ளை பெற்று அஞ்சுக்கும் தாய்ப்பால் கொடுத்தவ. டொக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"ஒரு கிணத்திலை ஒரு பக்கம் மட்டும் அழுகுமோ?" என்று கேட்டா.

எனக்கு அது சரியாகப் பட்டது. டொக்டர் சொன்னதைவிடச் சரியாகப் பட்டது. அன்றைக்குப் பின்னேரமே இவர் பால்மா ரின் (பால்மாவு டப்பா) வாங்கி வந்தார். மூன்று கிழமைக்குள் வலது பக்கமும் வற்றிவிட்டது.

மிட்வைப் அக்கா வருகிற நாளில் ரின்னையும் போத்தலையும் அலுமாரிக்குள் சீலைகளுக்குப் பின்னால் வைத்தேன். தாய்ப்பால்தானே என்று கேட்டா. ஓம் என்றேன். நிறை கூடாததைக் கண்டு, அடிக்கடி கொடும் என்று சொல்லிப் போனா. அதற்குப் பிறகு நான் பால்மாவைக் கரண்டியில் தட்டி மட்டம் பண்ணாமல் குவித்துப் போட்டேன். பிள்ளை தேறட்டும் என்று நினைத்தேன்.

தண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வளவுக் கிணறு உவர். உடுப்புத் தோய்க்க மட்டும்தான் ஆகும். குடிக்கிற தண்ணியை இவர் கோயிலடிக் கிணற்றில் இருந்து பிளாஸ்டிக் கானில் கொண்டு வருவார். நல்ல தண்ணிக் கிணறு என்றுதான் அதற்குப் பெயர். மற்றவர்கள் பவுசர் (தண்ணி லொறி) வரும் வரை காத்து நிற்க, எங்களுக்கு அந்தக் கிணறு இருக்கிறது என்று ஒரு பெருமையும் இருந்தது. அந்த வருசம் மழை பொய்த்தது.

நான் எதற்கும் பயப்படுகிறவள். கிருமி இருக்கும் என்று பயந்து, கேத்தல் தண்ணி பாதியாக வற்றும் வரை கொதிக்க வைப்பேன். அந்தப் பாதியில்தான் பால் கரைத்தேன்.

ஒரு நாள் இவருடைய சிநேகிதர் ஒருவர் வவுனியாவில் இருந்து பிள்ளையைப் பார்க்க வந்தார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "தங்கச்சி, சீனியோடை உப்பும் போடுறனீரோ?" என்று கேட்டார்.

"தீவாருக்கு உப்பில்லாட்டித் தொண்டைக்குள்ளை இறங்காதடாப்பா" என்றார் இவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த நேரம் என் கையில் போத்தல் இருந்தது. குலுக்கிக்கொண்டு நின்றேன்.

அதற்கு நாலாம் நாள் காலையில் பிள்ளையைக் குளிக்க வார்த்துத் துடைக்கும்போது கை கால் விறைத்தது. கண் மேலே செருகியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஓட்டோவில், தீவைக் கரையோடு சேர்க்கிற பண்ணைப் பாலத்தைக் கடக்கும் வரை அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். இரத்தத்தில் சோடியம் (உடம்பில் இருக்கிற உப்பு) மிக அதிகம் என்றார்கள். அது கூடினால் மூளைக்குள் இருக்கிற நீரும் வற்றி வலிப்பு வருமாம். பிள்ளை வார்ட் டொக்டர் இளம் பெண். என்ன பால், எத்தனை கரண்டி, என்ன தண்ணி என்று கேட்டா. இவர் திரும்ப வீட்டுக்குப் போய்த் தண்ணியைப் போத்தலில் கொண்டு வந்தார். டொக்டர் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நாக்கில் வைத்தா.

"இதையோ குடிக்கிறனீங்கள்?"

"ஓம் டொக்டர். நல்ல தண்ணி."

"வாயிலை விட்டுப் பாருங்கோ."

இவரும் நானும் குடித்துப் பார்த்தோம். எங்களுக்கு அது தண்ணியாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற மிஸ்ஸியும் (தாதி) ஒரு துளி வாயில் விட்டா. உடனே போய்த் துப்பினா.

கிணறு ஒரே நாளில் உவர்க்கவில்லை. ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உவர்க்க, எங்கள் நாக்கும் அதன் பின்னாலேயே போயிருக்கிறது. பாதியாக வற்றும் வரை கொதிக்க வைத்தனான் என்று சொன்னேன். அதிலாவது நான் பிழை விடவில்லை என்று டொக்டருக்குக் காட்ட நினைத்தேன்.

"கொதிக்க வைச்சாக் கிருமி சாகும், அம்மா. உப்புச் சாகாது. வத்த வத்தக் கூடும்." பிறகு சொன்னா: "அவன் பசிக்கு அழேல்லை. தண்ணிக்கு அழுதவன்."

அப்படியென்றால் இப்போதே நல்ல தண்ணியாகக் கொடுத்து உப்பைக் கழுவிவிடலாமே என்று கேட்டேன். ஏலாது என்றா. கெதியாக இறக்கினால் மூளை வீங்குமாம். சேலைனைத் துளித் துளியாக விட்டு மூன்று நாளில் இறக்கினார்கள். அதற்குள் இன்னும் இரண்டு தரம் வலிப்பு வந்தது. அந்தத் துளிகளை எண்ணிக்கொண்டு கட்டிலடியில் இருந்தேன். எண்ணாவிட்டால் ஒன்று கூடிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

நாலாம் நாள் மிஸ்ஸி பிள்ளையை என் வலது மார்பில் பிடித்துப் பார்த்தா. ஒரு சொட்டு வந்தது. வெளிறிய, தண்ணி மாதிரியான ஒரு சொட்டு. அது அவன் உதட்டில் பட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. போத்தலைத்தான் தெரிந்தது. ஒரு கிழமை முயற்சி செய்தோம், பால் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மிட்வைப் அக்கா வந்து கதிரையில் இருந்தா. நிறை எழுதுகிற புத்தகத்தைத் திறக்கவில்லை.

"என்னட்டை ஏன் ஒளிச்சனீர்?"

"ஏசுவியள் எண்டு பயந்தனான், அக்கா."

"ஏசியிருப்பன்" என்றா. "ஏசிப்போட்டு, என்ன தண்ணியிலை கரைக்கிறீர் எண்டு கேட்டிருப்பன்."

இதை வாசிக்கிற தங்கச்சிமாருக்குச் சொல்ல என்னிடம் இதுதான் இருக்கிறது. மார்பு இறுகினால் நாள் பார்க்காதீர்கள். கட்டி வந்தாலும் பால் கொடுக்கலாம் என்று டொக்டர் சொன்னால், அது விளங்காவிட்டால், அங்கேயே நின்று திருப்பிக் கேளுங்கள். போத்தல்தான் கொடுக்க வேண்டி வந்தால் அதைக் குற்றம் மாதிரி ஒளிக்காதீர்கள். கரண்டியை மட்டம் தட்டுங்கள். தண்ணியை ஊருக்கு வெளியில் இருந்து வந்த ஒருவரிடம் கொடுத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

மகனுக்கு இப்போது ஒரு வயதும் இரண்டு மாதமும். இன்னும் தானாக நிமிர்ந்து இருக்க மாட்டான். தலையணை அண்டை கொடுத்தால் ஒரு பக்கம் சரிவான். ஸ்கான் எடுத்தார்கள். "பாப்பம்" என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் வயதுப் பிள்ளைகள் ஊரில் நடக்கிறார்கள். மச்சாள் கிணற்றைப் பற்றி இப்போது ஒன்றும் கதைப்பதில்லை. பவுசர் வரும்போது எங்களுக்கும் சேர்த்துக் கானோடு வரிசையில் நிற்கிறா.

இடது மார்பில் தழும்பு இருக்கிறது. வேறு பிள்ளை அழுதால் அதற்குக் கீழே சுணைக்கிறது. அங்கே பால் இல்லை. ஆனால் நான் பயப்படுவது மார்பை அல்ல, நாக்கை. எந்தத் தண்ணியைக் குடித்தாலும் எனக்கு ஒரே மாதிரித்தான் இருக்கிறது. இவருக்கும் அப்படியே. இந்த வீட்டில் அவனுக்காகத் தண்ணியைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை.

மிட்வைப் அக்கா சாவகச்சேரி ஆள், நல்ல தண்ணி குடித்து வளர்ந்தவ. வியாழக்கிழமைகளில் எங்கள் பக்கம் வந்தால், கதிரையில் இருக்க முன்னமே ஒரு ரம்ளர் தண்ணி கொடுப்பேன். ஏன் என்று அவவுக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் வாங்கி, ஒரு மிடறை வாயில் வைத்துக்கொண்டு நிற்பா. எனக்கு ஒரு கிழமை முழுவதும் அந்த ஒரு மிடறுக்குள் நிற்கிறது. அவ விழுங்குகிறாவா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நான் நிற்பேன்.