சரிதாவின் மூன்றாவது டேப்

குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் சரிதா கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எஸ்டேட் மேனேஜர்கள் போன் லைன் வழியாக அங்கிருந்த கம்ப்யூட்டரில் செய்தி எழுதிப் போடுவார்கள். மற்ற எஸ்டேட்காரர்கள் படித்துப் பதில் போடுவார்கள். புல்லட்டின் போர்டு என்று அதற்குப் பெயர். ஆரம்பித்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

தேயிலை விலை சரிந்ததும் முதலில் அந்தப் போர்டை மூடினார்கள். அடுத்து கம்ப்யூட்டரையே விற்பதாக முடிவானது.

"பழைய மெசேஜ் எல்லாத்தையும் டேப்புல ஏத்திடும்மா. வெள்ளிக்கிழமை ஆள் வருது" என்றார் ஆபீஸ் மேனேஜர் எட்மண்ட்.

முதல் டேப் முக்கால்வாசி ஓடி, பிழை என்று காட்டி நின்றது. ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. இரண்டாவது டேப் முடியும் தறுவாயில் கரண்ட் போனது. யூ.பி.எஸ். பேட்டரி செத்து வெகுநாளாகியிருந்தது.

"பேட்டரி கேட்டு எத்தனை தடவைங்க எழுதிக் குடுத்தேன்?" என்றாள்.

"விலை இருக்கிற நிலைமையில பேட்டரியா?" என்று எட்மண்ட் பேப்பரைப் புரட்டினார்.

மறுநாள் சீக்கிரமே வந்து மூன்றாவது டேப்பைப் போட்டாள். கம்ப்யூட்டர் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள், சாப்பிடக்கூடப் போகவில்லை. ஒருவழியாக எல்லாம் ஏறியது, சரிபார்த்தாள், பிழையில்லை.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து தினகரன் என்ற பழைய கம்ப்யூட்டர் வியாபாரி வந்தார். டேப் ஓட்டும் டிரைவையும் சேர்த்துத் தூக்கிக்கொடுக்கச் சொன்னார் எட்மண்ட்.

"சார், இது இல்லாம அந்த டேப்பை எதுல படிக்கறது?"

"டேப் பீரோவுல பத்திரமா இருக்கட்டும்."

"படிக்க முடியாத டேப்பு எதுக்குங்க? இதைக் குடுக்க மாட்டேன்." டிரைவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். எட்மண்டின் முகம் சிவந்தது.

தினகரன் சிரித்துவிட்டார். "ஏனுங்க, இத்தனை சண்டை எதுக்கு? இந்த மாடலை இப்ப யாருமே வாங்கறதில்லீங்க. நீங்களே வெச்சுக்குங்க."

அவளுக்கு வெற்றியாகவே தோன்றவில்லை. யாருக்கும் வேண்டாத பொருளுக்காகவா இவ்வளவு கத்தினோம் என்று எரிச்சல்தான் வந்தது.

மழை தொடங்கியபோது கீழ் கோத்தகிரி எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. இலையில் கொப்புள நோய். சில வருடம் முன்பு எந்த மருந்து அடித்து நின்றதென்று போர்டில் யாரோ எழுதியிருந்தார்களாம். அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரில் பிரிண்டரைக் கழற்றிவிட்டு டிரைவை மாட்டினாள். தங்கவேலு என்ற அக்கவுண்டன்ட், "பில் அடிக்கோணும், எப்ப முடிப்பீங்க?" என்று பின்னாலேயே நின்றார்.

செய்தி கிடைத்தது. மருந்தின் பெயரைப் போனில் எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"இது எனக்கே தெரியுமே" என்றார் எஸ்டேட் மேனேஜர். "சும்மா சரிபார்க்கத்தான் கேட்டேன்."

போனை வைத்தவள், டேப்பை உறையில் போட்டு, கடைசியாகப் படித்த நாள் என்று மேலே அன்றைய தேதியை எழுதினாள்.