குழை கழற்றிய வயல்கள்

எனக்குப் பன்றிக்குப் பயமில்லை. யானைக்கும் அவ்வளவு பயமில்லை. அது வரும்போது சத்தமாவது கேட்கும். கட்டைபறிச்சானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் நான் பயந்தது கட்டுத் துவக்குக்குத்தான். பன்றி வயலுக்குள் இறங்கும் வழியில் துவக்கை ஒரு கட்டையில் கட்டி, விசையிலிருந்து ஒரு நூலை முழங்காலுக்குக் கீழே குறுக்காக இழுத்து விடுவார்கள். எது இடறினாலும் வெடிக்கும். பன்றி எது, மனிதன் யார் என்று நூலுக்குத் தெரியாது.

ஆனாலும் ஊரில் ஒரு ஒழுங்கு இருந்தது. பொழுதுபடத் துவக்குக் கட்டுகிறவர் அந்த வரம்பின் தலைப்பில் ஒரு வேப்பங்குழையை முறித்துத் தொங்கவிட வேண்டும். வீடு திரும்பும் வழியில் அக்கம்பக்கத்து வயல்காரரின் படலையில் நின்று, "கட்டியாச்சு" என்று கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் "ஓம்" என்று சொல்லும்வரை அவர் நகரக்கூடாது. விடிந்தபின் கட்டியவரே போய்த் துவக்கையும் குழையையும் கழற்றுவார். அடுத்தவர் குழையில் யாரும் கைவைப்பதில்லை.

என் கணவருக்கு இந்த ஒழுங்கில் அப்படியொரு நம்பிக்கை. கோயில் கொடியேற்றம் பிந்தினாலும் பிந்தும், குழை பிந்தாது என்பார். அவரிடமும் லைசென்ஸ் துவக்கு ஒன்று இருந்தது. கலியாணம் முடித்த புதிதில் அவர் என்னைப் பார்த்ததைவிட அதை எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததுதான் அதிகம்.

ஒரு பெரும்போகத்தில் சட்டக் கதை வந்தது. அரசாங்கம் துவக்குச் சட்டத்தை இறுக்கப் போகிறதாம். கட்டுத் துவக்கு அறவே கூடாதாம். கட்டினால் லைசென்ஸ் பறிபோவதோடு மறியலுக்குள்ளும் போடுவார்களாம். வீட்டிலும் துவக்கைப் பூட்டித்தான் வைக்க வேண்டுமாம், தோட்டாக்களை வேறிடத்தில் வைக்க வேண்டுமாம். இதெல்லாம் பாராளுமன்றத்துக்கு வரப்போகிறது என்று பேப்பரில் கிடந்ததைத் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் உரத்து வாசிக்க, கடையே சிரித்ததாம். என் கணவர் அதை வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினார்.

"கொழும்பில கதிரையில சாய்ஞ்சு இருக்கிறவனுக்குப் பண்டியைத் தெரியுமோ?"

"கதிரையில இருக்கிறவனுக்குக் கால்ட அருமை தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் தெரியேல்ல," என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் அந்தச் சட்டம் வரட்டும் என்று விரும்பிய ஒரே சீவன் நானாகத்தான் இருந்திருப்பேன். இருட்டு விலகுமுன் தண்ணீர் பார்க்க அந்த வரம்புகளில் நடக்கிறவர் அவர். அவர் திரும்பி வந்து படலையைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை அடுப்படியில் எனக்கு எந்த வேலையும் ஓடாது.

சட்டம் வருமுன் பொலிஸ் வரும் என்ற கதை வந்தது. யார் யார் கட்டுத் துவக்கு வைக்கிறார்கள் என்று வயல் வயலாகப் பார்க்கப் போகிறார்களாம். ஆண்கள் கூடினார்கள். துவக்கைக் கழற்றினால் கதிர் முழுவதும் பன்றிக்குப் போய்விடும். குழையைத் தொங்கவிட்டால் அது பொலிஸுக்கு வழிகாட்டும். ஆகவே குழையைக் கழற்றுவது, துவக்கை அப்படியே கட்ட விடுவது என்று முடிவெடுத்தார்கள். படலையில் நின்று கூப்பிடுவதும் இனி வேண்டாமாம். வேலிக்குப் பின்னால் யாருடைய காது இருக்குமோ தெரியாதாம்.

கேட்டதும் எனக்கு உச்சி கொதித்தது.

"இஞ்சேருங்கோ, மூளையிருக்கிற ஆக்கள் எண்டால் துவக்கைக் கழட்டிப்போட்டுக் குழையை விட்டிருப்பினம்."

"ஆரார்ட துவக்கு எங்க நிக்குதெண்டு எங்கட ஆக்களுக்குத் தெரியும். நீ பேசாம இரு."

"தெரியாத ஒரு நாள் வந்தால்?"

"வராது."

வந்தது. பக்கத்து வயல்காரர் என் கணவரோடு ஒன்றாக மாடு மேய்த்து வளர்ந்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். பொலிஸுக்குப் பயந்து அவர் தன் துவக்கை வழமையான இடத்திலிருந்து எடுத்து, எங்கள் வயலை ஒட்டிய பற்றைக்காட்டோரம் மாற்றிக் கட்டியிருந்தார். குழை இல்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. விடியற்காலையில் என் கணவர் அந்த வரம்பால்தான் போனார்.

அடுப்படியில் நின்ற எனக்கு வெடி கேட்டது. பிறகு கேட்டது பன்றியின் கத்தல் அல்ல.

வீட்டுக் கதவொன்றைக் கழற்றி, அதில் அவரைக் கிடத்தி, வண்டிலில் ஏற்றி மூதூர் இறங்குதுறைக்குக் கொண்டுபோனார்கள். கதவின் தலைமாட்டைத் தூக்கியவர் அந்தப் பக்கத்து வயல்காரர்தான். லோஞ்ச் கொட்டியாரக் குடாவைக் கடந்து முடியும்வரை கிழிந்த காலை என் சேலையால் இறுக்கிப் பிடித்திருந்தேன். திருகோணமலைக் கரை கிட்ட வருகிற மாதிரியே இல்லை. ஆஸ்பத்திரியில் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

அவருக்கு மயக்கம் தெளிந்ததும் பொலிஸார் கட்டிலடிக்கு வந்து யாருடைய துவக்கு என்று கேட்டார்கள். வெடித்த துவக்கை அதற்குள் ஊரில் கழற்றி மறைத்துவிட்டிருந்தார்கள். பக்கத்து வயல்காரர் வாசலோரம் நின்றார். என் கணவர் அவரைக் காட்டிச் சொல்லப் போகிறார், நன்றாகச் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன்.

"என்ர துவக்குத்தான் ஐயா," என்றார் என் கணவர். "கட்டின இடத்தை மறந்துபோனன்."

பொலிஸ் போனதும் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவனைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டால் என்ர கால் முளைக்குமோ? பிறகு ஊரில ஒருத்தற்ற முகத்திலயும் முழிக்க ஏலாது."

எனக்கு அவரிலும் கோபம், வாசலில் நின்றவரிலும் கோபம். அந்தக் கோபத்தில் அழுகை கூட வரவில்லை.

எங்கள் துவக்கைப் பொலிஸ் கொண்டுபோனது, லைசென்ஸும் போயிற்று. அந்தப் போகத்தில் யாருக்கும் தீங்கு செய்யாத துவக்கு அது. அந்தச் சட்டம் பிறகு என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. தேத்தண்ணிக் கடையில் வேறு கதை தொடங்கியிருந்தது.

அடுத்த போகம் நானே கூலிக்கு ஆள் பிடித்து விதைத்தேன். கதிர் பால்பிடிக்கப் பன்றி இறங்கியது. துவக்கில்லாத வீட்டு வயல் எதென்று அதற்கும் தெரிந்துவிட்டது போல. ஒருநாள் பொழுதுபட, படலையில் யாரோ செருமும் சத்தம் கேட்டது. பக்கத்து வயல்காரர் நின்றார்.

"தங்கச்சி, உங்கட வரம்பிலயும் என்ர துவக்கைக் கட்டியாச்சு. பெரிய குழையாத் தொங்கவிட்டிருக்கிறன்."

நான் வாய் திறக்கவில்லை. அவரும் நகரவில்லை. கதிரையில் இருந்த என் கணவர் ஒருதரம் என்னைப் பார்த்தார். பிறகு படலைப் பக்கம் திரும்பி, "ஓம்" என்றார்.

இருட்டு விலகுமுன் அந்த வரம்பால் தண்ணீர் பார்க்கப் போக வேண்டியவள் இப்போது நான்.