இங்கிலீஷில் எவ்வளவு பயப்படலாம்?

இன்று காலை மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் சபீனா. என்னிடம் டியூஷன் படிக்கும் பெண்ணின் அம்மா. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை.

என்னைப் பார்த்ததும் போனைக் கையில் திணித்தார். விரல்களில் நேற்றைய வெள்ளை மண் ஒட்டியிருந்தது.

"டீச்சர், ரெண்டு நாளா எங்க வூட்டுக்காரரு போனே எடுக்கல. துபாய்ல அவரோட சூப்பர்வைசருக்கு ஒரு மெசேஜ் போட்டுக் குடுங்க. அந்தாளுக்கு இங்கிலீஷ்தான் புரியுமாம்."

எந்த வார்த்தையைப் போடுவது?

'டென்ஷன்' என்று கரண்ட் போனால்கூடச் சொல்கிறோம். 'அப்செட்' என்றால் கோபித்துக்கொண்ட மாதிரி இருக்கும். 'ஃப்ரீக்டு அவுட்' என்பது கரப்பான்பூச்சியைப் பார்த்த காலேஜ் பிள்ளைகள் பேசுவது. 'பேனிக்' என்று போட்டால் கணவர் வேலைக்கே வில்லங்கம் வருமோ என்று சபீனாவுக்குப் பயம்.

கடைசியில் 'ஸ்கேர்டு' போட்டு வாசித்துக் காட்டினேன்.

"மொத வரியா 'இங்க எல்லாரும் சுகம்'னு போடுங்க டீச்சர். வெளிநாட்டுக்கு எது எழுதுனாலும் அப்படித்தான் ஆரம்பிப்போம். எடுத்ததுமே அழுகைய அனுப்ப மாட்டோம்."

போட்டேன். அனுப்பினேன்.

நீல டிக் விழுந்தது. இருவரும் போனையே பார்த்தோம்.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

"அவரு நல்லாருக்காருன்னு சொல்றாரா டீச்சர்?"

அந்த சூப்பர்வைசர் முதல் வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்று சபீனாவிடம் எப்படிச் சொல்வேன்? சூப்பர்வைசரையே கூப்பிட்டுப் பார்த்தோம். எடுக்கவில்லை.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, முதல் வரி இல்லாமல் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

'ஸ்கேர்டு' போதாது. அதைவிடப் பெரிய வார்த்தை, மரியாதை கெடாத வார்த்தை, யாரிடமாவது இருக்கிறதா?

இப்போது எனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.